ஒரு திருகு, நான்கு வேலை: ஆர்.சி. நைட்ரோ எஞ்சினை ட்யூன் செய்வதும் காப்பாற்றுவதும்

ரேடியோ கண்ட்ரோல் கார் என்றதும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பேட்டரி பொம்மைதான் பலருக்கு ஞாபகம் வரும். நான் எழுதப் போவது அதைப் பற்றி இல்லை. 1/8 அளவு ரேஸ் பக்கி என்று ஒன்று இருக்கிறது. உள்ளே சுமார் 3.5 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். எரிபொருள் ஊற்றி, புகை விட்டு, நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அதாவது ஒரு வினாடியில் 500 தடவை வெடிக்கும். பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள்கூட எட்டாத வேகம் இது.

இந்த எஞ்சின்களில் பல, தேய்ந்து போவதற்கு முன்பே செத்துப் போகின்றன. வாங்கி ஒரு மாதத்தில், சிலது முதல் நாளிலேயே. காரணம் பெரும்பாலும் கார்புரேட்டரில் இருக்கும் ஒரு சின்னத் திருகு. புதிதாக வருபவருக்குக் கிடைக்கும் அறிவுரை எல்லாம் எண்களாகவே இருக்கும்: மூன்றரை சுற்று திற, 110 டிகிரியில் வை, அவ்வளவுதான். அந்த எண் ஏன் என்று தெரியாமல் திருப்பினால், வெயில் மாறினாலோ எரிபொருள் மாறினாலோ அதே எண் எஞ்சினைக் கொன்றுவிடும். சாப்ட்வேர் வேலையில் "கான்ஃபிக்கில் இந்த நம்பரைப் போடு, ஏன்னு கேட்காதே" என்பார்கள் இல்லையா, அதே கதைதான். எனவே இந்தப் பதிவில் முதலில் ஏன் என்று பார்ப்போம், அப்புறம் எப்படி.

பற்ற வைப்பது யார்?

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இருக்கிறது. எந்த நொடியில் பொறி விழ வேண்டும் என்பதை ஒரு சர்க்யூட் தீர்மானிக்கிறது. டீசல் எஞ்சினில் எப்போது டீசலைப் பீய்ச்சுவது என்பதை பம்ப் தீர்மானிக்கிறது. நைட்ரோ எஞ்சினில் இந்த இரண்டுமே கிடையாது.

இருப்பது க்ளோ பிளக் மட்டும். 1947-இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை மாடல் விமானங்கள் பேட்டரி, காயில், கண்டென்சர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பறந்தன. க்ளோ பிளக்கின் நுனியில் பிளாட்டினம் கலந்த ஒரு சின்னச் சுருள் கம்பி. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் அளவில் மின்சாரம் கொடுத்து அதைப் பழுக்க வைக்கிறோம். ஓட ஆரம்பித்ததும் வயரை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது வினையூக்கம் நடந்து சூடு உண்டாகிறது. முந்தைய வெடிப்பின் சூடும் கம்பியில் மிச்சம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும்.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். எப்போது பற்ற வேண்டும் என்பதை யாரும் செட் பண்ணவில்லை. கம்பி எவ்வளவு சூடாக இருக்கிறது, அழுத்தம் எவ்வளவு, கலவை எப்படி என்பதைப் பொறுத்து அதுவே நடக்கிறது. ஆக, கலவையை மாற்றும்போது நீங்கள் இக்னிஷன் டைமிங்கையும் சேர்த்தே மாற்றுகிறீர்கள்.

எரிபொருளில் என்ன இருக்கிறது?

மூன்று பொருள்கள். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய். எண்ணெய் என்பது செயற்கை எண்ணெயும் நம்ம விளக்கெண்ணெயும். ஆமாம், ஆமணக்குதான். மற்ற எண்ணெய்கள் எரிந்து போகும் சூட்டிலும் அது உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு படலமாக நிற்கும்.

நைட்ரோமீத்தேன் எதற்கு? அதில் ஆற்றல் அதிகம் என்று நினைப்போம். உண்மையில் குறைவு. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 44 மெகாஜூல், மெத்தனாலில் 20, நைட்ரோமீத்தேனில் வெறும் 11. ஆனால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.5, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகும் என்பதுதான் வரம்பு என்பதால், கணக்கை ஒரு கிலோ காற்றுக்கு எனப் போட வேண்டும். அப்படிப் போட்டால் மெத்தனால் 3.1 மெகாஜூல், நைட்ரோமீத்தேன் 6.6. இரண்டு மடங்குக்கு மேல்.

அடுத்தது குளிர்ச்சி. மெத்தனால் ஆவியாகும்போது ஒரு கிலோவுக்கு சுமார் 1,100 கிலோஜூல் சூட்டை உறிஞ்சும். பெட்ரோலைப் போல மூன்று மடங்கு. ரேடியேட்டர் இல்லாத இந்த எஞ்சினை உள்ளிருந்து குளிர வைப்பது எரிபொருள்தான்.

உயவு? டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் சம்ப் கிடையாது. அந்தக் காலத்து டிவிஎஸ் 50-க்கு பங்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவார்களே, அதே முறை. எரிபொருளோடு வரும் எண்ணெய் மட்டும்தான் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாவற்றுக்கும்.

எவ்வளவு எண்ணெய் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1/8 ரேஸ் கார்களின் டேங்க் 125 சிசி. எட்டு நிமிடத்தில் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 0.26 சிசி எரிபொருள். அதில் பத்து சதவீதம் எண்ணெய் என்றால் வினாடிக்கு 0.026 சிசி. ஒரு சொட்டு என்பது 0.05 சிசி. அதாவது இரண்டு வினாடிக்கு ஒரு சொட்டு! அந்த இரண்டு வினாடியில் கிராங்க் எண்ணூறு தடவைக்கு மேல் சுற்றியிருக்கும். இந்த எஞ்சினுக்கும் உலோகம் உலோகத்தைத் தின்பதற்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு சொட்டுதான்.

இப்போது திருகுக்கு வருவோம். மெயின் நீடிலைத் திருப்பும்போது சக்தி, குளிர்ச்சி, உயவு, டைமிங் நான்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒன்றை மட்டும் தனியாக மாற்ற வழியே இல்லை.

லீன் என்றால் என்ன நடக்கும்?

காற்றோடு ஒப்பிடும்போது எரிபொருள் குறைந்தால் லீன், அதிகமானால் ரிச். திருகை வலப்பக்கம் திருப்பினால் லீன், இடப்பக்கம் திருப்பினால் ரிச்.

ரிச்சாக இருக்கும் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக லீன் பக்கம் கொண்டு போனால் அது நன்றாக ஓடும். இன்னும் திருப்பினால் இன்னும் நன்றாக. சத்தம் கூர்மையாகும், கார் பறக்கும். இங்கேதான் பொறி. எல்லையைத் தாண்டியதும் குளிர்ச்சி குறைகிறது, எண்ணெய் குறைகிறது, கம்பி கூடுதலாகச் சூடாகிறது. கம்பி சூடானால் பிஸ்டன் மேலே போய்ச் சேர்வதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். மேலே வரும் பிஸ்டனை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும். அதனால் இன்னும் சூடு. சூட்டினால் இன்னும் முன்கூட்டியே பற்றும். தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொள்ளும் வட்டம் இது. ஒருமுறை உள்ளே போய்விட்டால் தானாக வெளியே வராது.

ஆகவே சாவதற்கு முந்தைய சில நிமிடங்களில்தான் நைட்ரோ எஞ்சின் மிகச் சிறப்பாக ஓடுவது போலத் தெரியும். நான் பார்த்த வரையில் "இப்பதான் சூப்பரா ஓடுச்சு, திடீர்னு நின்னுடுச்சு" என்பதுதான் எல்லாரும் சொல்லும் வாக்கியம். அது திடீரென்று நடந்ததில்லை.

அப்படியானால் ரிச்சாகவே ஓட்டலாமே?

பாதி உண்மை. லீன் அளவுக்கு ஆபத்து இல்லை, ஆனால் இலவசமும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள பிஸ்டனைப் பார்க்க வேண்டும்.

இந்த வகை எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், அதன் உள்ளே குரோம் பூச்சு. இதை ஏ.பி.சி. அமைப்பு என்பார்கள். ஸ்லீவ் நேரான குழாய் இல்லை. மேலே போகப் போகக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறுகும். குளிர்ந்த நிலையில் புது எஞ்சினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் மேலே போய் இறுகி நிற்கும். இதைப் பிஞ்ச் என்கிறோம். எஞ்சின் சூடானதும் பித்தளை நன்றாக விரியும். சிலிக்கான் அதிகம் கலந்த பிஸ்டன் அலுமினியம் அதைவிடக் குறைவாக விரியும். ஸ்லீவின் மேல்பகுதிதான் அதிகம் சூடாகும் என்பதால் அங்கேதான் அதிகம் விரியும். குறுகலாக இருந்தது ஓடும் சூட்டில் ஏறக்குறைய நேராகிவிடும். ரிங் இல்லாமலேயே சரியான அடைப்பு கிடைத்துவிடும்.

இது சரியான சூட்டில் மட்டும்தான் நடக்கும். அதிக ரிச்சாக, குளிர்ச்சியாக ஓட்டினால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் குறுகலான இடத்தில் முட்டி உரசும். பிஞ்ச் சீக்கிரம் தேயும், கனெக்டிங் ராடுக்கும் அடி. புது எஞ்சினை நாள் முழுக்கப் புகை கக்க ஓட்டுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஹேர் டிரையராலோ ஹீட்டராலோ எஞ்சின் தலையைச் சுட வைப்பதும் இதற்காகத்தான். பிரேக்-இன் செய்யும்போதும் கொஞ்சம் ரிச்சாக, ஆனால் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்படி ஓட்டி, நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும்.

ட்யூன் செய்யும் வரிசை

எஞ்சின் முழுக்கச் சூடாகாமல் எதையும் தொடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் டிராக்கில் ஓட்டிய பிறகுதான் திருப்புளி. ஒரு தடவைக்கு ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது கடிகார முகத்தில் ஒரு மணி தூரம். மாற்றியதும் இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் மெயின் நீடில். நேர்ப்பாதையில் முழு த்ராட்டில் கொடுத்துப் பார்க்கவும். அடர்த்தியான புகை, வேகம் எட்டாமல் தடுமாறினால் ரிச். புகையே இல்லை, கீச்சென்று சத்தம், நேர்ப்பாதையின் முடிவில் சக்தி விழுகிறது, த்ராட்டிலை விட்டாலும் சத்தம் உடனே இறங்கவில்லை என்றால் லீன். முழு வேகத்திலும் ஒரு மெல்லிய நீலப் புகைக்கோடு தெரிய வேண்டும். புகை தெரிகிறது என்றால் எண்ணெய் போகிறது என்று அர்த்தம்.

அடுத்தது லோ நீடில். பத்து வினாடி ஐடிலில் விட்டு, சட்டென்று த்ராட்டில் கொடுங்கள். புகையைக் கக்கித் தயங்கி அப்புறம் எழுந்தால் ரிச். புகையில்லாமல் வெறுமையாக விக்கி நின்றுவிட்டால் லீன். இன்னொரு சோதனை: ஐடிலில் ஓடும்போது எரிபொருள் குழாயைக் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். மூன்று வினாடி அளவில் சத்தம் லேசாக ஏறி நின்றால் சரி. பிடித்த உடனே நின்றால் லீன். ரொம்ப நேரம் ஏறிக்கொண்டே போனால் ரிச்.

கடைசியில்தான் ஐடில் திருகு. பலரும் இதை முதலில் தொடுகிறார்கள். ஐடிலை உயர்த்தி வைத்தால் தவறான லோ நீடில் வெளியே தெரியாது. பிழைச் செய்தியை மறைத்துவிட்டு புரோகிராம் சரியாகிவிட்டது என்று சொல்வது மாதிரி.

இன்னொன்று, டேங்க் நிறைந்திருக்கும்போதும் காலியாகும் நேரத்திலும் எஞ்சின் ஒரே மாதிரி ஓடாது. எரிபொருள் மட்டம் இறங்க இறங்கக் கலவை கொஞ்சம் லீன் பக்கம் நகரும். நிறைந்த டேங்கில் விளிம்பு வரை ட்யூன் செய்தால், கடைசி நிமிடம் விளிம்புக்கு அந்தப் பக்கம்.

தெர்மாமீட்டரை எவ்வளவு நம்பலாம்?

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை பிளக்கின் மேல் காட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். பொதுவாக 95 முதல் 130 டிகிரி வரை என்பார்கள். ஆனால் 110 என்ற எண்ணைப் பிடிக்க ட்யூன் செய்யாதீர்கள். ஹெட்டின் அளவு, காரின் மூடி, அன்றைய வெயில் எல்லாமே அந்த எண்ணை மாற்றும். குளிர்காலத்தில் 110-ஐ எட்ட வேண்டும் என்று லீன் செய்தால் எஞ்சின் போய்விடும். புகை, சத்தம், த்ராட்டிலுக்கு எழும் விதம் ஆகிய மூன்றையும் வைத்து ட்யூன் செய்துவிட்டு, அப்போது என்ன டிகிரி காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை அதிலிருந்து பத்து டிகிரி ஏறினால் அது செய்தி.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது இன்னும் நம்பகமான சாட்சி. கம்பி சாம்பல் நிறத்தில், வடிவம் குலையாமல் இருந்தால் நல்லது. பளபளவென்று ஈரமாக இருந்தால் ரிச். நெளிந்து, நசுங்கி, அறுந்து இருந்தால் லீன் அல்லது அழுத்தம் அதிகம்.

மாலை நேர ஆபத்து

தகுதிச் சுற்று மதியம், இறுதிப் போட்டி மாலை. மதியம் 35 டிகிரி, மாலை 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கணக்குப்படி சுமார் 4.4 சதவீதம் கூடுதல் காற்று ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே போகும். திருகை யாரும் தொடவில்லை, எரிபொருள் அதே அளவுதான். ஆகவே மதியம் கச்சிதமாக இருந்த எஞ்சின் மாலையில் லீன். வெயிலில்தான் எஞ்சின் கெடும் என்று நினைக்கிறோம். உண்மையில் வெயிலில் ட்யூன் செய்துவிட்டுக் குளிரில் ஓட்டும்போதுதான் ஆபத்து அதிகம். காற்றில் ஈரப்பதம் குறைந்தாலும் இதே திசைதான். மாலைப் போட்டிக்கு முன் ஒரு மணி தூரம் ரிச் பக்கம் திறந்துவிட்டு ஆரம்பிப்பது என் வழக்கம்.

பாட்டிலில் இருக்கும் சதவீதம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி 1 முதல், எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள திரவத்தை உரிமம் இல்லாத பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. வெடிமருந்துக்கான மூலப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. அதற்கு முன் வரம்பு 30. இங்கே கவனிக்க வேண்டியது "எடையில்" என்ற சொல். நைட்ரோமீத்தேன் மெத்தனாலைவிடக் கனமானது. பத்து சதவீத எண்ணெயோடு கணக்குப் போட்டால், எடையில் 16 என்பது கொள்ளளவில் சுமார் 12தான். கொள்ளளவில் 25 என்று போட்ட பாட்டில் எடையில் 32-ஐத் தொடும்.

இது வெறும் சட்ட விவகாரம் இல்லை. நைட்ரோ குறைந்தால் அதே காற்றுக்குக் குறைந்த எரிபொருள் போதும், நீடிலை மூட வேண்டும், ஹெட்டுக்குக் கீழே ஷிம் குறைத்து அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இது சிக்கலில்லாத திசை. தலைகீழ் திசைதான் ஆபத்து. குறைந்த நைட்ரோவுக்கு ட்யூன் செய்த எஞ்சினில் 30 சதவீத எரிபொருளை ஊற்றி அப்படியே ஓட்டினால், ஒரே நேரத்தில் லீனும் அதிக அழுத்தமும். பாட்டில் மாறினால் முதலில் நீடிலைத் திறங்கள், ஷிம் சேருங்கள், அப்புறம் ஓட்டுங்கள். எது எடை, எது கொள்ளளவு என்று லேபிளைப் படியுங்கள்.

தூசியும் காற்றுக் கசிவும்

இவ்வளவு கச்சிதமான இடைவெளியில் மணல் துகள் போனால் அது உப்புத்தாள்தான். ஏர் ஃபில்டரின் இரண்டு அடுக்கு ஃபோமும் ஃபில்டர் ஆயிலில் முழுக்க ஊறியிருக்க வேண்டும். காய்ந்த ஃபோம் தூசியை வடிகட்டாது. ஃபில்டர் கார்புரேட்டரோடு சேரும் கழுத்தை டை போட்டு இறுக்குங்கள். பெரும்பாலும் தூசி நுழைவது அந்த வழியாகத்தான்.

திருகை எவ்வளவு திருப்பினாலும் ட்யூன் நிற்கவில்லை, ஐடில் தானாக ஏறி இறங்குகிறது என்றால் திருகை விட்டுவிட்டுக் கசிவைத் தேடுங்கள். கார்புரேட்டர் கழுத்து, பின் தகடு, டேங்க் மூடியின் ரப்பர், சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகும் அழுத்தக் குழாய். அந்தக் குழாயில் ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் டேங்கில் அழுத்தம் குறைந்து எஞ்சின் லீன் ஆகிவிடும்.

சிக்னல் அறுந்தால் த்ராட்டில் மூடும்படி ஃபெயில்சேஃப் செட் செய்வதும், கார்புரேட்டரில் ரிட்டர்ன் ஸ்பிரிங் போடுவதும் எஞ்சினுக்கும் பாதுகாப்பு, பக்கத்தில் நிற்பவர்களின் காலுக்கும் பாதுகாப்பு.

ஓட்டி முடித்த பிறகு

மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எரிந்த மிச்சத்தில் அமிலத்தன்மையும் இருக்கும. இரண்டும் சேர்ந்து முதலில் தாக்குவது கிராங்கின் பின் பேரிங்கை. ஒரு வாரம் அப்படியே வைத்தால் துரு, துருவிலிருந்து உதிரும் துகள், அந்தத் துகள் பிஸ்டனுக்கு.

எனவே, டேங்கைக் காலி செய்து, ஐடிலில் மட்டும் ஓட விட்டுக் குழாயில் மிச்சமிருப்பதை எரித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஆஃப்டர்-ரன் ஆயில் சில சொட்டு, கார்புரேட்டர் வழியாகவும் சில சொட்டு விட்டு, சில வினாடி சுற்றுங்கள். கடைசியாக, எஞ்சின் சூடு ஆறுவதற்கு முன் ஃப்ளைவீலைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே நிறுத்துங்கள். மேலே நின்றால், ஆறிச் சுருங்கும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எரிபொருள் பற்றியும் ஒரு வார்த்தை. மெத்தனால் விஷம். குடித்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இப்போது பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வந்த பிறகு, சார்ஜ் போட்டால் போதும், கார் ஓடும். நைட்ரோ பக்கம் புதிதாக வருபவர் முதல் எஞ்சினை இரண்டு வாரத்தில் இழந்தால் திரும்ப வரமாட்டார். அவருக்கு நான் சொல்வது இதுதான்: முழு வேகத்தில் கார் உங்களைக் கடந்து போகும்போது சத்தத்தைக் கேட்காதீர்கள், பின்னால் பாருங்கள். அந்த மெல்லிய நீலப் புகைக்கோடு இருக்கிறதா? இருந்தால் இன்னொரு டேங்க் ஊற்றலாம். இல்லையென்றால் உடனே உள்ளே கூப்பிட்டு ஒரு மணி தூரம் இடப்பக்கம் திருப்புங்கள்.

கிளட்ச், கிளட்ச் பெல் பேரிங் பற்றித் தனியாக எழுத வேண்டும். அடுத்த பதிவில்.